பள்ளத்தை அடைத்த சுவர் குறித்து மாரக்காள் கொடுத்த வாக்குமூலம்

என் பெயர் மாரக்காள். வயது 41. கணவர் பெயர் நஞ்சப்பன். பொங்கலூருக்குத் தெற்கே பள்ளத்துக்காடு லைன் வீட்டில் குடியிருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. இந்த 1994ஆம் வருடம் ஐப்பசி மாதம் மயில்சாமி என்பவரின் மனையிடத்துச் சுற்றுச்சுவரை உடைத்ததாக என் மேல் வந்துள்ள புகாரை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

எங்கள் வீடுகளை ஒட்டி மழைத் தண்ணீர் ஓடும் பள்ளம் ஒன்று உண்டு. மேல்காட்டுத் தண்ணீர் அதில் இறங்கி, அய்யாசாமி தோட்டம் வழியாகக் கீழே குட்டைக்குப் போகும். அந்தத் தோட்டத்தை மயில்சாமி வாங்கி மனை பிரித்தார். பள்ளத்தை அகலம் குறையாமல் விட வேண்டும், ரோட்டோரம் மழைநீர் வடிகால் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் அவருக்கு அனுமதி கொடுத்திருப்பதாகப் பஞ்சாயத்து ஆபீசில் எங்களிடம் சொன்னார்கள். அதன் பிறகு அவர் சாயப்பட்டறைக் கழிவையும் இடிந்த செங்கல்லையும் லாரியில் கொண்டுவந்து கொட்டிப் பள்ளத்தை மூடி, ஒரு குடம்கூட நுழையாத சிமெண்டுக் குழாயைப் புதைத்து, அதன் மேலேயே குறுக்குச் சுவர் எழுப்பினார். பள்ளம் இருந்த இடத்தையும் மனையாக விற்றார். அதில் பனியன் குடோன் வந்தது. வடிகால் கட்டவில்லை.

அதன் பிறகு குழாய் வாயில் வெட்டுத் துணி அடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீரும் மேலே உள்ள பட்டறைகளின் சாயத் தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் சேர்ந்து எங்கள் வாசலில் நின்றது. ஒரு நாள் சிவப்பாக இருக்கும், ஒரு நாள் நீலமாக இருக்கும், மலம் மட்டும் எல்லா நாளும் மிதக்கும். சோற்றைப் பிசைந்தால் அந்த நாற்றம்தான் கையில் வரும். மூன்றாவது வீட்டு முத்துப்பேச்சி விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். போன வருட மழையில் அவளுடைய மூத்த மகள் அந்தத் தண்ணீரில் விளையாடிவிட்டு வந்து வாந்தி பேதியில் இறந்துபோனாள். பிள்ளையைக் குளிப்பாட்ட அன்றைக்கு லைன் வீடு முழுக்க ஒரு குடம் நல்ல தண்ணீர் இல்லை. அப்படியே எடுத்துப் போனோம்.

அதன் பிறகு நாங்கள் பஞ்சாயத்துத் தனி அலுவலரிடம் போய்ப் போய்ச் சொன்னதில் ஒரு நாள் ஜீப்பில் வந்தார். இறங்கவில்லை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, மடியில் வரைபடத்தை விரித்துப் பார்த்து, "பிளான்ல வடிகால் கரெக்டா இருக்குதேம்மா, அப்புறமென்ன?" என்றார். "பிளான்ல இருக்குதுங்க சார், இங்க இல்லீங்க. எறங்கி வந்து பாருங்க" என்றேன். அவர் டிரைவரைப் பார்த்து, "வண்டிய எடுப்பா, நாத்தம் தாங்கல" என்றார்.

அதன் பிறகு இந்த ஐப்பசியில், தீபாவளி முடிந்த வாரம், மத்தியானம் பெருமழை பிடித்தது. முத்துப்பேச்சிக்கு ஆண் குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தண்ணீர் அவள் கட்டிலை முக்கிவிட்டது. பின்பக்க மண்சுவர் ஊறிப் புடைத்திருந்தது. குடோனைப் பார்க்க வந்த மயில்சாமி குடை பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றார். நான் இடுப்பளவுத் தண்ணீரில் அவரிடம் போய், "ஏனுங்க, பெத்த ஒடம்புக்காரி ஊட்டுக்குள்ள கெடக்கறாளுங்க. சொவுத்துல ஒரு பக்கம் மட்டும் பிரிச்சு உட்ருங்க" என்று கேட்டேன். "மழ நின்னா தானா வடிஞ்சிருமுங்க. குடோன்ல எக்ஸ்போர்ட் சரக்கு இருக்குது" என்று சொல்லி, வாயிலிருந்த வெற்றிலை எச்சிலை அந்தத் தண்ணீரிலேயே துப்பினார். அது மிதந்து வந்து என் சேலையில் ஒட்டியது.

அப்போது முத்துப்பேச்சி, "யக்கா, தொட்டில்ல தண்ணி ஏறிட்டுக்கா, பிள்ளையப் பிடிங்கக்கா" என்று கத்தினாள். நான் ஓடிப் போய்க் குழந்தையைத் தூக்கி என் கணவர் கையில் கொடுத்து, முத்துப்பேச்சியையும் அவரோடு ரோட்டு மேட்டுக்கு அனுப்பிவிட்டு, கடப்பாரையை எடுத்துப் போய்ச் சுவரில் போட்டேன். கூட யார் யார் உடைத்தார்கள் என்று கேட்டதற்கு, மழையில் முகம் தெரியவில்லை. முதல் குத்து என்னுடையது. சுவர் விழுந்ததும் தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் பாய்ந்தது. சரக்கு நனைந்தது உண்மை. வெள்ளைப் பனியன் கட்டுகளின் மேல் எங்கள் வாசலில் கிடந்த அத்தனையும் போய்ப் படிந்ததை நான் பார்த்தேன். சற்று நேரத்தில் முத்துப்பேச்சி வீட்டுப் பின்சுவர் அவளுடைய காலிக் கட்டிலின் மேல் விழுந்தது. அவள் இப்போது காய்ச்சலாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். குழந்தை நன்றாக இருக்கிறது.

மறுநாள் காலையிலேயே தனி அலுவலர் வந்தார். இந்த முறை இறங்கினார். சேற்றில் நடந்து போய், டேப் பிடித்து, உடைந்த சுவரை அளந்தார். பள்ளத்தை அளக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் அதே இடத்தில் சுவர் எழுப்பக் கல் இறக்குகிறார்கள். வேலைக்குக் காவலாக இரண்டு போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். மறுபடி அடைத்தால் மறுபடி உடைப்பேன். இதை எழுத வேண்டாம், உனக்குத்தான் கெடுதல் என்று ஏட்டய்யா சொன்னார். எழுதினால்தான் ரேகை வைப்பேன் என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. எல்லாம் உண்மை.

(மாரக்காள், இடது கைப் பெருவிரல் ரேகை)

என் முன்பாக,
காசிமாயன், தலைமைக் காவலர்