மூன்றாவது சீட்டு

– ஏணியைச் சாத்த வேண்டாம்னு சொல்லு க்ளே. நான் பேசி முடிக்கிற வரைக்கும் என் வீட்டு மேல ஒருத்தரும் ஏறக்கூடாது.

– வெர்னா மேடம், நம்புங்க, மத்தியானம் மழை வருது. வெள்ளிக்கிழமைக்குள்ள கூரை மாறலன்னா வீட்டு இன்சூரன்ஸை ரத்து பண்ணிடுவாங்கன்னு நீங்கதானே போன்ல அழுதீங்க?

– அழல, கத்தினேன். இருபது வருஷக் கூரைக்கு இன்சூரன்ஸ் கிடையாதாம். புயல் வர்ற மாசத்துல அது இல்லாம நான் எப்படித் தூங்குவேன்? அதுக்காக உன்னைக் கண்ணை மூடிக்கிட்டு ஏத்தி விடவும் முடியாது.

– லைசென்ஸ் காட்டினேனே?

– காட்டின. டலஹாசியில இருக்கிற லைசென்ஸ் ஆபீசுக்கு போன் போட்டு, லைன்ல நாப்பது நிமிஷம் பாட்டு கேட்டுக்கிட்டே நின்னேன். நம்பர் உன்னோடதுதான், கூரை வேலைக்குத்தான், இன்னும் காலாவதி ஆகல. சரி, அது கெடக்கட்டும்.

– கம்பெனி இன்சூரன்ஸ் காயிதமும் கொடுத்தேனே?

– அதுல இருந்த நம்பருக்கு நான் போடல. ஏஜென்டை நானே தேடிப் புடிச்சேன். என் ஜன்னலை நீ உடைச்சா கொடுப்பாங்களாம். உன் ஆளு விழுந்து எலும்பு உடைஞ்சா? அதுக்கு வேற பாலிசி, நீ அதை எடுக்கவே இல்லன்னாங்க.

– வேண்டியதே இல்ல மேடம். கம்பெனியில பங்கு இருக்கிறவங்க எங்களுக்கு அது வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாம். சட்டமே இருக்கு. மூணு பேருக்கும் விலக்குச் சீட்டு வாங்கி வெச்சிருக்கேன். வேலைக்கு வந்திருக்கிறதும் அந்த மூணு பேர்தான்.

– பார்த்தேன். முதல் சீட்டு உனக்கு. ரெண்டாவது உன் மச்சானுக்கு, அவன் நிஜமாவே காசு போட்டவன். மூணாவது எட்னர் பியேர்னு ஒருத்தர், துணைத் தலைவர், பத்து சதவீதப் பங்கு. அவரை நான் பார்க்கணும்.

– அவரு வேலையா இருக்காரு.

– எங்க?

– இங்கதான்.

– இங்க உன் மச்சான் லாரியில தூங்கறான். இன்னொருத்தர் ஏணியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு.

– அவருதான்.

– துணைத் தலைவர் ஏணி புடிக்கிறாரா?

– சின்ன கம்பெனி மேடம், எல்லாரும் எல்லா வேலையும் செய்வோம். நம்புங்க.

– நான் ஸ்கூல் பஸ் ஓட்டறவ. தினமும் பிரேக்கைப் பார்த்து, டயரைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கிளப்பறேன். பெத்தவங்ககிட்ட நம்புங்கன்னு சொல்லி ஒரு நாளும் வண்டி எடுத்ததில்ல. ஏங்க, ஏணிக்காரரே, கொஞ்சம் இப்படி வாங்க.

– எட்னர், நீ அங்கேயே நில்லு.

– நீங்க வாங்க. இந்தக் கம்பெனியில உங்களுக்கு என்ன வேலை?

– கூரை மேல ஓடு அடிக்கிறவன்மா. ஆறு வருஷமா.

– பங்கு ஏதாவது உண்டா?

– முதலாளி சாண்ட்விச் வாங்கினா பாதி கிடைக்கும்.

– தமாஷ் வேண்டாம் எட்னர். ஜனவரியில ஒரு காயிதத்துல கையெழுத்துப் போட்டியே, அதைத்தான் கேக்கறாங்க.

– அது வேன் ஓட்டறதுக்கு அனுமதின்னு சொன்னீங்களே முதலாளி.

– இந்தாங்க, நீங்களே பாருங்க. நீங்க கம்பெனிச் சொந்தக்காரர்ல ஒருத்தர்னு போட்டிருக்கு. அடிபட்டா இன்சூரன்ஸ் எனக்கு வேண்டாம்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கு.

– ஓ.

– என்னாச்சு?

– மார்ச்சுல சர்ச் கூரையிலேர்ந்து விழுந்தேன்மா. மணிக்கட்டு போச்சு. நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்டேன். நீங்களே முதலாளி, உங்களுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு பதில் வந்துது. என் பொண்ணுதான் படிச்சுச் சொன்னா. தப்பா படிக்கறேன்னு அவளைத் திட்டிட்டேன். ஒரு வாரம் அவகூடப் பேசல.

– க்ளே, இதுக்கு என்ன சொல்ற?

– ஆஸ்பத்திரிக்கு நான் போனேன் மேடம், பழமெல்லாம் வாங்கிட்டுப் போனேன். இங்க எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. அந்தப் பாலிசியை எடுத்தா கடையை மூட வேண்டியதுதான். இப்ப என்னை அனுப்பிட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள உங்களுக்கு வேற யாரு வருவா?

– ஒருத்தரும் வரமாட்டாங்க. பதினோரு பேருக்கு போன் போட்டுட்டேன். உன்னைத் துரத்தினா என் வீடு போகும், ஏத்தினா இந்த மனுஷன் கை போகும்.

– அப்ப வேலையை ஆரம்பிக்கலாம். எட்னர், மேல போ. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.

– அம்மா, ஒண்ணு கேக்கணும். இந்த மூணு சீட்டுல பொய் எது?

– உங்களோடது ஒண்ணுதான். அவங்க ரெண்டு பேரும் நிஜச் சொந்தக்காரங்க. அவங்க ஏறினா சட்டப்படி சரி. ஆனா க்ளே ஏறுவானா?

– முதலாளிக்கு உயரம்னா தலை சுத்தும்மா. ஆறு வருஷமா நான்தான் ஏறறேன்.

– எட்னர், மழை வந்துடும். ஏறப்போறியா இல்லையா?

– மச்சானை எழுப்புங்க முதலாளி. ஏணியை நான் கெட்டியாப் புடிச்சுக்கறேன், நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க.