துருவில் நாலாவது ஆள்

காளிதாஸ்: வித்துட்டேன்னா... யாருக்கு வித்த?

ராக்கப்பன்: பழைய இரும்புக்காரனுக்கு. எடைக்கு.

காளிதாஸ்: உங்க அய்யாவோட இன்ஜினையா எடைக்குப் போட்ட?

ராக்கப்பன்: அது வெறும் ஆயில் இன்ஜின்லே. அய்யா படம் உள்ள மாட்டியிருக்கு, போயிக் கும்பிட்டுட்டு வா.

காளிதாஸ்: சரி, சரி... சும்மாதான் கேட்டேன். மாரியூர்ல மாமனார் வீட்டு விசேஷம். போற வழிதானேன்னு எட்டிப் பாத்தேன்.

ராக்கப்பன்: மாரியூருக்கு எங்க ஊரு எப்பலே வழியாச்சு?

காளிதாஸ்: கையில என்ன கிரீஸு?

ராக்கப்பன்: டிராக்டரு.

காளிதாஸ்: டிராக்டர் வாங்கிட்டியா?

ராக்கப்பன்: பக்கத்துத் தோட்டத்துது.

துர்காதேவி: வாங்கண்ணே, மோர் குடிங்க. நீங்கதான் அந்தச் சென்னைக் காளிதாஸா? எங்க கல்யாணத்துக்குக் கூட வரலையே.

காளிதாஸ்: பத்திரிகை வந்துச்சும்மா. நான்தான்... அப்ப கோவத்துல இருந்தேன்.

துர்காதேவி: ரெண்டு பேரும் சேந்து என்ன பாட்டுண்ணே பாடுனீங்க? இவர்ட்ட கேட்டா, கத்துனோம்பாரு. அம்புட்டுத்தான்.

காளிதாஸ்: கத்துனது இவன். கிட்டாரு நான். சத்யப்பிரியான்னு ஒரு பிள்ளை, தார் டிரம்மைக் கவுத்துப் போட்டு சுத்தியலால அடிக்கும். நாலாவது ஆளு அந்த இன்ஜினு.

துர்காதேவி: மொளகாய்க்குத் தண்ணி எறைக்கிற இன்ஜினா?

காளிதாஸ்: அதேதான். மேடையில ஏத்தி, முன்னால ஒரு மைக்க வச்சு, ஸ்டார்ட் பண்ணி விட்ருவோம். நேரா ஓடாது. டுக், டுக், டுக்... ஒரு மூச்சு நிக்கும்... அப்புறம் டுடுக். திக்கிப் பேசுற மாதிரி. அந்தத் திக்கல்லதாம்மா எங்க பாட்டு அம்புட்டும்.

ராக்கப்பன்: அய்யா கெடந்து வைவாரு. பயிரு காயுது, இன்ஜினு கச்சேரிக்குப் போயிருக்குன்னு.

துர்காதேவி: என்னமோ பேரு வச்சிருந்தீங்களே...

காளிதாஸ்: துரு. இந்தக் கடல்காத்துல எதை வச்சாலும் துருதான திங்குது, அதான் வச்சோம். முதக் கச்சேரி மாரியூர் திருவிழாவுல. நோட்டீசுக்கு 'துரு, ராக் பேண்ட்'னு எழுதிக் குடுத்தேன். அச்சுக்காரரு, பய படிக்காத பய போலன்னு அவரே திருத்திட்டாரு.

ராக்கப்பன்: 'திரு. ராக்கு பேண்ட்'.

துர்காதேவி: அட, உங்க பேரு.

காளிதாஸ்: பெறகென்ன. இவன் பேரு ராக்கப்பனா, ஊரே இது இவன் செட்டுன்னு முடிவு பண்ணிருச்சு. மாலை, துண்டு எல்லாம் இவனுக்கு. நான் திரு. ராக்கு கூட வந்த ஆளு.

ராக்கப்பன்: அந்த மாலைய உன் கழுத்துல போட்டேன்ல?

காளிதாஸ்: போட்ட. இல்லேங்கல.

துர்காதேவி: சனம் ரசிச்சுச்சா?

ராக்கப்பன்: மதுரைக் காலேஜுல கொட்டகை முழுக்க இன்ஜின் பொகை. தீப்பிடிச்சிருச்சுன்னு பாதிப் பேரு ஓடிட்டான். மிச்சப் பேரு ஆடுனான்.

காளிதாஸ்: சி.டி. போட்டோமே. ஒரு கம்பெனிக்காரனும் நம்மளச் சீண்டல. நாமளே போட்டு, மொளகா மூட்டைக்குள்ள சொருகி ஊரு ஊரா அனுப்புனோம்.

ராக்கப்பன்: வாங்குனவன் பூராம் தும்மிக்கிட்டே கேட்டான்.

காளிதாஸ்: நல்லாருந்துச்சுலே அதெல்லாம்.

ராக்கப்பன்: நல்லாத்தான் இருந்துச்சு... பெங்களூரு போற வரைக்கும்.

துர்காதேவி: அங்க என்னாச்சு?

காளிதாஸ்: மண்டபத்துக்குள்ள இன்ஜின் வரக்கூடாதுன்னுட்டான். கம்ப்யூட்டர்ல தாளம் போட்டுக்கிருவோம்னு சொன்னேன்.

ராக்கப்பன்: அது மட்டுமா சொன்ன? இனி அந்த ஓட்ட இன்ஜினே வேணாம், எல்லாம் நேரா அடிக்கட்டும்னு சொன்னேல்ல.

காளிதாஸ்: சொன்னேன்.

ராக்கப்பன்: நேரா அடிச்சா அது துரு இல்லடா, திருன்னு நானும் சொன்னேன். இன்ஜினத் திருப்பி லாரியில ஏத்திட்டு வந்துட்டேன். அம்புட்டுத்தான் துர்கா, கச்சேரி முடிஞ்சுச்சு.

காளிதாஸ்: நானும் இம்புட்டு வருசமா நேரா அடிச்சுப் பாத்துட்டேன்லே. விளம்பரம், சீரியலு... எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. உசுரு இல்ல. அந்தத் திக்கலக் கம்ப்யூட்டர்ல கொண்டாரணும்னு என்னென்னமோ பண்ணேன். எங்கன நிக்கணும்னு அந்த இன்ஜினுக்குத்தான் தெரியும் போல. எனக்குத் தெரியல.

துர்காதேவி: அண்ணே, கேக்கணும்னு நெனச்சேன். காருப் பின்சீட்டுல போர்வை போத்தி யாரோ படுத்திருக்காங்களே. வீட்டுக்காரங்கன்னா உள்ள கூப்பிடுங்க, வெயில்ல வேகப் போறாங்க.

காளிதாஸ்: அது... ஆளு இல்லம்மா. கிட்டாரு.

ராக்கப்பன்: மாமனார் வீட்டு விசேஷத்துக்குக் கிட்டாரா?

காளிதாஸ்: விசேஷமெல்லாம் ஒண்ணும் இல்ல. சத்யப்பிரியாட்ட பேசுனேன். பரமக்குடியிலருந்து நாளைக்கு வாரேன்னுருக்கா. டிரம்மு கெடக்கான்னு கேட்டா. இன்ஜினு இருக்கும், உன் கையில கால்ல விழுந்தாவது கேட்டு வாங்கலாம்னு... சரி, விடு. எடைக்குப் போட்டத என்ன செய்ய. கெளம்புறேன்.

துர்காதேவி: எதை எடைக்குப் போட்டாரு?

காளிதாஸ்: இன்ஜினத்தாம்மா.

துர்காதேவி: யாரு சொன்னா? அந்தா, மோட்டார்க் கொட்டகையில நிக்குது. காலையில கூடத் தண்ணி பாய்ச்சுனோம்.

ராக்கப்பன்: நீ உள்ள போ துர்கா.

துர்காதேவி: நான் எதுக்குப் போறேன்? அதை நெசமாவே எடைக்குப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி. திக்கித் திக்கி ஓடுனா வாய்க்கால்ல தண்ணி போகுதா? நான்தான் மெக்கானிக் சீனி முகம்மது பாயக் கூப்பிடுவேன். அவரு ஒக்காந்து நேரா ஓட வச்சுட்டுப் போவாரு. விடிஞ்சு பாத்தா பழையபடி டுக்கு டுக்குன்னு நிக்கும். பாவம், மனுசன் தலையப் பிச்சுக்கிறாரு.

காளிதாஸ்: பாய் கை வச்சுமா சரியாகல?

துர்காதேவி: ஒவ்வொரு தடவையும் இதே கதைதாண்ணே.

காளிதாஸ்: ஏலே ராக்கு... இங்கன பாரு. அது தானாவா திக்குது?

ராக்கப்பன்: ...துர்கா, என் கட்டிலுக்கடியில ஒரு ஸ்பேனர் கெடக்கும். எடுத்துட்டு வா.

துர்காதேவி: கட்டிலுக்கடியில எதுக்குங்க ஸ்பேனரு?

ராக்கப்பன்: பாய் அங்கிட்டுப் போனதும், டீசல் பைப்போட நட்டை நான்தான் அரைச் சுத்து லூசாக்கி விடுவேன். அது நேரா ஓடிப் பழகிருச்சுன்னா... இவன் வந்து நிக்கிற அன்னைக்கு, எங்கன சேந்துக்கிறதுன்னு தெரியாம முழிப்பான்ல?