சாரதாம்பாள் அம்மையார் திருத்திச் சொன்ன பதில்

"டாக்டரம்மா, எங்கய்யாவுக்கு வந்தது எனக்கும் வருமா?"

2002ஆம் ஆண்டு, தல்லாகுளத்தில் நம் ஆய்வுக்கூட வாசலில் பத்து வயதுப் பாண்டீஸ்வரி தங்களை மறித்துக் கேட்ட கேள்வி இது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கண்ணாடித் தகடுகளோடு வாழ்ந்து இன்று விடைபெறும் மூத்த ஆய்வாளர் சாரதாம்பாள் அம்மையாரே! கைநேர்த்தியும் கனிவும் கலந்த காருண்யமே! செல்லூர்ச் சந்திலிருந்து நடந்தே வந்து, சாமி கும்பிட்ட பிறகே நுண்ணோக்கியைத் தொட்ட தாயே! வணக்கம்.

தங்கள் பணியைப் புகழ வந்தோம். அதில் வெற்றிகளோ குறைவு. பெருங்குடல் புற்று என்று தாங்கள் கண்டு சொன்னவர்களில் பெரும்பாலோர் காலம் கடந்து வந்தவர்கள். அந்தச் சிறுமியின் தந்தை, அறுபத்தாறு வயதுச் சிவனாண்டியும் அப்படித்தான். உயிரணுவில் நேரும் பிழைகளைச் செப்பனிடும் புரதம் அவர் கட்டியில் இல்லை. அதை உண்டாக்கும் மரபணுவே பிறவிப் பழுது, பரம்பரையாகத் தொடரும் என்று நாம் எல்லாரும் எண்ணினோம். "வரலாம் தாயி, வருசா வருசம் பாத்துக்கணும்" என்றீர்கள். பொய் சொல்லிப் பழகாத வாய்.

அவர் இறந்தார். மகள் வயிறு வலித்தபோதெல்லாம் சாவை எதிர்பார்த்தாள், பள்ளியையும் விட்டாள். அவள் தாய் ஒச்சாயி இங்கே வந்து அழுதார்: "படிச்சு என்னத்தக் கிழிக்க, எப்புடியும் சாகத்தானேங்கிறா. நான் எம்புட்டுத்தான் சொல்லுவேன்?"

மெழுகில் பதித்து வைத்திருந்த கட்டித் துண்டை ஈராண்டுக்குப் பின் வெளியூர்ச் சோதனைக்கு அனுப்பினீர்கள். மரபணுவின் எழுத்தில் பிழையே இல்லை! மெத்தில் என்னும் சிறு ஒட்டுகள் அதன் தலைப்பில் படிந்து அதை ஊமையாக்கியிருந்தன. கொத்தனார் உள்ளே உயிரோடிருக்க, வெளியே தாழ்ப்பாள் விழுந்ததுபோல. அருகிலிருந்த நோயற்ற குடலில் அந்த ஒட்டு இல்லை; கட்டியில் மட்டும் பின்னால் படிந்தது. அது பிள்ளைக்கு இறங்கும் வினையல்ல.

பிறருக்காகத் தாங்கள் வேண்டிய உடல்நலத்தை ஆண்டவன் இனித் தங்களுக்கும் அருளட்டும், நூறாண்டு காண்க!

இன்னும் ஒன்று. திருத்திய அறிக்கை மருத்துவருக்குப் போவதோடு நம் வேலை முடியும். தாங்களோ விடுப்பெடுத்து, பஸ் ஏறி, ஊரே களையெடுக்கப் போயிருந்த நேரத்தில் பாண்டீஸ்வரியின் வீட்டுக்குப் போனீர்கள். சென்ற வாரம் அவள் சொல்லித்தான் அறிந்தோம். "தப்பாச் சொல்லிட்டேன் தாயி. ஒங்கய்யாகிட்டருந்து ஒனக்கு எதுவும் வரல" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன் கைகூப்பினீர்களாம். கொத்தனார், தாழ்ப்பாள் என்று அவளுக்குப் புரியும்படி விளக்கினீர்களாம். அவள் கேட்டாளாம்:

"தாழ்ப்பாளுதானே? தொறந்துவிட்டிருந்தா எங்கய்யா பொழச்சிருப்பாரா?"

"தொறக்க எங்களுக்குத் தெரியலையே, தாயி."

அவளை உட்காரவைத்துத் தலைவாரிப் பின்னிவிட்டீர்கள். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாள்.

இங்ஙனம்,
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்
மதுரை, 2006