ஆறாம் எண், ஏழாம் எண்

எங்கள் ஆய்வகத்தில் என்னைப் போல் கை கழுவுகிறவர்கள் யாருமில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டு, மனத்துக்குள் நாற்பது எண்ணிய பிறகுதான் குழாயை மூடுவேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பிராணிகளுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் இடையே, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா எப்படிப் போய்வருகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. இரண்டு உடம்புகளில் எடுத்த பாக்டீரியாவின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிடுவோம். ஐம்பது லட்சம் எழுத்துகளில் நாலைந்துதான் வேறுபட்டால், இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வெளியாட்களைக் கூப்பிடுவதற்கு முன், வீட்டில் நாயோ பூனையோ வைத்திருக்கும் நாங்களே மாதிரி கொடுப்பது வழக்கம். குழாயில் எண் மட்டும் ஒட்டியிருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஒரே ஒருவரிடம் இருக்கும்.

"லிஸ்ட் நம்ம வாயில்லாப்பூச்சிகிட்டயே இருக்கட்டும். உயிரே போனாலும் வாயத் திறக்க மாட்டா," என்றார் ஆய்வகத் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பட்டியலை வாங்கிக்கொண்டேன்.

ஆறாம் எண்ணும் ஏழாம் எண்ணும் பொருந்தின. ஒரு மருந்தைத் தவிர வேறு எதற்கும் சாகாத வகை. ஆறு நான். ஏழு என் பூனை.

இப்படி வந்தால் சம்பந்தப்பட்டவருக்கும் அவர் வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தைகளை அவர் கொஞ்ச நாள் நெருங்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அந்த வாரம்தான் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஒன்பது வருடம் காத்திருந்து, மாதம் நிறையாமல், என் உள்ளங்கை அகல முதுகோடு. யாரிடமும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வராத எனக்கு, அவன் ஒருவனிடம்தான் பேச்சு வந்தது.

"பெத்தவ நான். நீ தூக்கினாதான் துரை தூங்குறாரு," என்பாள் அக்கா. "பேசாம நீயே வெச்சுக்கடி."

அந்த வீட்டுக் கதவு எனக்குச் சாத்தப்பட்டுவிடும் என்ற பயத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பட்டியலைத் திருத்தினேன். ஆறையும் ஏழையும், வேலை மாறி வெளிநாடு போய்விட்ட ஒரு சக ஊழியருக்கும் அவருடைய நாய்க்கும் எழுதினேன். அவர் வீட்டில் குழந்தைகள் இல்லை என்று விசாரித்துவிட்டுத்தான் செய்தேன்.

பிறந்த இருபத்திரண்டாம் நாள் காலையில் குழந்தைக்குக் காய்ச்சல். பால் குடிக்கவில்லை. மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். எந்த மருந்து கேட்கும் என்று தெரிய மூன்று நாளாகும், அதுவரை வழக்கமான மருந்து என்றார் டாக்டரம்மா. அந்த மருந்தின் பெயர், என் கணினியில் 'கேட்காது' என்ற வரிசையில் முதலாவதாக இருந்தது.

"நீதான் இதெல்லாம் படிச்சவளாச்சே," என்றாள் அக்கா. "சொல்லுடி, சரியாயிடும்ல?"

"டாக்டர் பார்த்துப்பாங்கக்கா."

கேட்கும் மருந்தின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். கைகளைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் மருந்தை மாற்றினார்கள். அதுவும் என் வரிசையில் இருந்தது. அவன் அழுவதை நிறுத்தியிருந்தான்.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அன்று மத்தியானம் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போனேன். எல்லோரையும் கடிக்கிறது, கருணைக்கொலை ஊசி போட்டுவிடுங்கள் என்று சொன்னேன். ஊசி ஏறும்வரை அது என் மடியில் குர்குர்ரென்று சொல்லிக்கொண்டிருந்தது. வேரையே பிடுங்கிவிட்டதாக நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை முடிவு வந்து, சரியான மருந்தை ஏற்றினார்கள். நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு அவன் போய்விட்டான்.

அவன் இரத்தத்தில் இருந்த பாக்டீரியா எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. அதன் மரபணுவைப் படித்தவள் நான்தான். பூனையுடையதோடு நான்கு எழுத்து வித்தியாசம். என்னுடையதோடு ஒன்று. அவனுக்கு என்னிடமிருந்துதான் போயிருக்கிறது; பூனைக்கும் அப்படித்தான் போயிருக்கும்.

பட்டியலில் நாய் என்று நான் எழுதிய ஏழாம் எண் குழாயில் பூனையின் செல்களும் இருந்ததை விசாரணையில் நீங்கள் காட்டியபோதுதான் என் பிழை புரிந்தது. பாக்டீரியாவை மட்டுமே பார்த்துப் பழகியவளுக்கு அது தோன்றவில்லை. அந்தக் கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்.

பட்டியலைத் திருத்தியது நான். மருந்தின் பெயர் தெரிந்தும் மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தது நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அக்காவிடம் சொல்லாதீர்கள். மறுபடி முழுகாமல் இருக்கிறாள்; இந்த நேரத்தில் அவள் பயப்படக் கூடாது. இந்த முறை முதல் நாளிலிருந்தே நான் கூட இருக்க வேண்டுமாம். இருப்பேன். கை கழுவிவிட்டுத்தான் தூக்குவேன்.