சத்தமில்லாத மோட்டார்

மீன் தொட்டிக்கு மோட்டார் வாங்கப் போறவங்க பெரும்பாலும் பெட்டி மேல போட்டிருக்கிற லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து வாங்கிடறாங்க. அது தப்பு. மணிக்கு இத்தனை லிட்டர்னு போட்டிருக்கிறது தண்ணியை மேல தூக்காம சும்மா தள்ளும்போது. நாலடி உயரம் தூக்கச் சொன்னா அதுல பாதி வந்தாலே பெரிசு. இதை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்க, நாமதான் தெரிஞ்சுக்கணும்.

நீங்க அண்ணனைப் பத்திக் கேட்டீங்க, நான் மோட்டாரைப் பத்திப் பேசறேன். எழுதிக்கிட்டு இருந்தவர் பேனாவைக் கீழ வச்சுட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். எழுதச் சொல்லுங்க ஐயா. மோட்டார்ல ஆரம்பிச்சாத்தான் விஷயம் பிடிபடும். நான் எதையும் மறைக்கப் போறதில்லை. காபிக்கு நன்றி, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

எனக்கு வீட்லயே வேலை. கட்டடம் கட்டறவங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பேன். ஹால்ல ஜன்னல் ஓரமா என் மேஜை. எதிர்ச் சுவத்துல அந்த ஆறடித் தொட்டி. ரெண்டுக்கும் நடுவுல அண்ணனோட கட்டில். மாடிப்படி ஏற முடியாம போனதும் கட்டிலைக் கீழ இறக்கிட்டோம்.

அண்ணன் பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியாரா இருந்தவர். அப்பா அம்மா சீக்கிரமே போயிட்டாங்க, என்னை வளர்த்து ஆளாக்கினது அவர்தான். எனக்காகத்தான் அவர் கல்யாணமே பண்ணிக்கலன்னு சொல்வாங்க. நான் ஒண்ணும் அப்படிக் கேக்கல. நான் என்ன படிக்கணும், எந்தச் செருப்பு காலைக் கடிக்காது, முடியை எப்படி வெட்டிக்கணும், யாரைக் கட்டிக்கணும், எல்லாம் அவர் பார்த்து முடிவு பண்ணினதுதான். இதுல கஷ்டம் என்னன்னா, ஒண்ணு கூட தப்பாப் போகல. ஏதாவது ஒண்ணு சொதப்பியிருந்தா நாங்க ரெண்டு பேருமே கொஞ்சம் நிம்மதியா இருந்திருப்போம்.

அப்புறம் அவருக்கு நுரையீரல் கெட்டுப் போச்சு. கட்டில் பக்கத்துல ஆக்சிஜன் மிஷின் வந்துடுச்சு. கரண்ட்ல ஓடறது. ஒரு குழாய் வழியா மூக்குக்குக் காத்து அனுப்பிக்கிட்டே இருக்கும். அது நின்னா அவருக்குத் தாங்காதுன்னு டாக்டர் பட்டுனு சொல்லிட்டார். உர்ருனு ஒரு சத்தம், நடுநடுவுல புஸ்ஸுனு ஒரு பெருமூச்சு. கூப்பிட்டுப் பேசத் தெம்பு இல்லாததால பழைய விசிலை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டார். ஒரு காலத்துல மைதானத்தையே நிக்க வச்ச விசில். இப்ப ஊதினா கொசு கத்தற மாதிரி கேக்கும். தண்ணி வேணும்னா விசில், தலையணை சரிஞ்சா விசில். சில நேரம் சும்மா, நான் இருக்கேனான்னு பார்க்க ஒரு விசில்.

தொட்டி என்னோட ஆசை. வாழ்க்கையில யாரையும் கேக்காம நானா செஞ்ச ஒரே காரியம் அதுதான். தொட்டியோட ஒரு மோட்டார் கொடுத்தாங்க, கடகடன்னு கல்லு அரைக்கற மாதிரி சத்தம். அதைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கணும்னு தேட ஆரம்பிச்சேன். தேடிக்கிட்டே இருந்தேன். அண்ணனுக்கு அது பெரிய வேடிக்கை.

“டேய், உனக்குப் பொண்ணு பார்க்க எனக்கு ஒரு சாயங்காலம்தான் ஆச்சு. நீ ஒரு மோட்டாரைப் பார்க்க இத்தனை மாசமா அலையற” அப்படின்னார். என் மனைவி விழுந்து விழுந்து சிரிச்சா. “மாமா, எனக்கும் அப்பவே வாட்ஸ் எவ்வளவுன்னு கேட்டிருப்பாரு, நீங்க கூட இருந்ததால தப்பிச்சேன்” அப்படின்னா. அவ ஒரு மருந்து கம்பெனியில கணக்கு பார்க்கிறா. சாயங்காலம் வந்ததும் கைப்பையைக் கூட வைக்காம கட்டில் ஓரத்துல உக்காந்து அன்னைக்கு நடந்ததையெல்லாம் அவர்கிட்ட ஒப்பிப்பா. என்கிட்ட ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேப்பா. நான் அதைத் தப்பா எடுத்துக்கல.

கடைக்காரர் ரெண்டு மோட்டார் காட்டினார். ஒண்ணு சின்னது, கரண்ட் கம்மியா இழுக்கும், கூடவே தனியா ஒரு பேட்டரி. கரண்ட் போனாலும் தன் பாட்டுக்கு ஓடும். இன்னொண்ணு பெரிசு. துளி சத்தம் கிடையாது, ஆனா கரண்டை உறிஞ்சிடும். அதோட ஒரு சின்னப் பெட்டி வரும், சுவத்துல மாட்டிக்கலாம். மோட்டார் ஓடினா அதுல பச்சை விளக்கு. நடுவுல ஒரு நொடி கரண்ட் போயிட்டு வந்தா கூட சிவப்பு விளக்கு மின்னிக்கிட்டே இருக்கும், நாம பட்டனை அமுக்கற வரைக்கும். அன்னைக்கு என் மனைவியும் கூட வந்திருந்தா. எனக்கு அலுப்புத் தட்டின இடத்துல எல்லாம் அவதான் கேட்டுக்கிட்டு நின்னா.

“உங்க வீட்டுக்கு சின்னதே போதும் சார். கரண்ட் போனாலும் மீனுங்க நாலஞ்சு மணி நேரம் தாங்கும், பயப்படாதீங்க” அப்படின்னார் கடைக்காரர். நல்ல மனுஷன்.

நான் பெரிசைத்தான் வாங்கினேன். ஏன்னு கேப்பீங்க. சத்தம் இல்லைங்கறது ஒரு காரணம். இன்னொண்ணு, எங்க வீட்டு இன்வெர்ட்டர் அண்ணனோட மிஷினை மட்டும் ஓட்டினா பகல் பொழுது பூரா தாங்கும், அந்தப் பெரிய மோட்டாரையும் சேர்த்து மாட்டினா பாதியில படுத்துடும். கடையில நிக்கும்போதே இந்தக் கணக்கு மனசுல ஓடிடுச்சு. கெட்ட எண்ணம் இல்லை, கணக்குதான். எனக்கு எப்பவும் ஏதாவது ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல மோட்டார்தான். என் மிஷினையும் இதையும் ஒரே இன்வெர்ட்டர்ல மாட்டிடாதடா, ரெண்டு எருமைக்கு ஒரே தொட்டியில தண்ணி காட்டின மாதிரி ஆயிடும்” அப்படின்னார். அதையும் அவர்தான் சொல்லணுமா. எனக்குத் தெரியாதா.

மாட்டினதும் வீடு அமைதியாயிடுச்சு. நான் எதிர்பார்க்காதது அதுக்கப்புறம்தான். பழைய மோட்டாரோட கடகடப்புல மறைஞ்சு கிடந்ததெல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. மிஷினோட உர்ர். அந்தப் பெருமூச்சு. மூச்சை இழுக்கும்போது அவர் தொண்டையில ஒரு கரகரப்பு. சமையல்கட்டுலேர்ந்து என் மனைவி, “மாமா, இன்னும் கொஞ்சம் போடவா?” கேக்கறது. அப்புறம் விசில். கோடு போட ஸ்கேலை வச்சா விசில். ஐயா, அவ்வளவு அலைஞ்சு சத்தமில்லாத மோட்டார் வாங்கினவனுக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. எனக்கு அழுகையே வந்துச்சு. நிஜமாத்தான் சொல்றேன், வரைபடத்து மேல ஒரு சொட்டு விழுந்து மை கலைஞ்சு போச்சு.

இன்னைக்குப் பராமரிப்பு வேலைக்காகக் காலையிலேர்ந்து கரண்ட் இருக்காதுன்னு மின்வாரியத்துல முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அவசரத்துக்குன்னு வச்சிருந்த ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்து போயிருந்துச்சு. மாத்தச் சொல்லி ஆளுக்குப் போன் பண்ணுங்கன்னு என் மனைவி படிச்சுப் படிச்சு சொன்னா. நானும் போன் பண்ணினேன். இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு வந்தாப் போதும்னு சொன்னேன். வரைபடத்தைக் கொடுத்தாகணும், சிலிண்டரை வாசப்படியில உருட்டிக்கிட்டு வந்தா வேலை கெடும்.

கிளம்பும்போது அவ செருப்பைப் போட்டுக்கிட்டே, “மோட்டாரை நிறுத்திடுங்க, மறந்துடாதீங்க” அப்படின்னா. அண்ணன் கட்டில்லேர்ந்து, “அவன் மறப்பானா, நான் இருக்கேன்ல” அப்படின்னார்.

கரண்ட் போச்சு. மிஷின் இன்வெர்ட்டர்ல ஓடிச்சு. மோட்டாரோட ப்ளக்கும் முதல்லேர்ந்தே அதுலதான் இருந்துச்சு, நான் கழட்டல, அதனால அது ஒரு நொடி கூட நிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணன் தொட்டியைப் பார்த்தார். “தண்ணி ஓடுதேடா.”

“பார்த்துக்கறேண்ணா” அப்படின்னேன்.

அவர் நம்பினார். நான் எதைச் சொன்னாலும் நம்புவார், ஆனா நான் செய்யறதுக்கு முன்னாடி அவர் சொல்லிடுவார், அதுதான் எங்களுக்குள்ள இருந்த ஏற்பாடு.

மதியத்துக்கு முன்னாடியே இன்வெர்ட்டர் கீச் கீச்னு கத்த ஆரம்பிச்சது. சார்ஜ் இறங்கிடுச்சு, ஏதாவது ஒண்ணைக் கழட்டுன்னு அர்த்தம். எழுந்து போய் சுவிட்ச் போர்டு முன்னாடி நின்னேன். ரெண்டு ப்ளக். தொட்டியில தண்ணி ஓட்டம் நின்னா வடிகட்டியில இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துப் போகும். வாரக்கணக்கா வளர்த்தது. அது போனா தண்ணி கெட்டுடும், மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மீன் வளர்க்கிறவனைக் கேட்டுப் பாருங்க, எவ்வளவு பெரிய நஷ்டம்னு சொல்வான்.

மிஷினோட ப்ளக்கைப் பிடுங்கினேன்.

பிடுங்கினதும் மிஷின் பீப் பீப்னு கத்துச்சு. பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கு, அதை அமுக்கினேன், நின்னுடுச்சு. என் வாழ்க்கையில அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. நீங்க முகத்தைச் சுளிக்கறீங்க. உள்ளதைச் சொல்லச் சொன்னீங்க, சொல்றேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். நான் ப்ளக்கைக் கையில வச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தேன். அவருக்கு என் மேல சந்தேகமே வரல. அது தானா கழண்டுடுச்சுன்னும், நான் பயத்துல கை கால் ஓடாம நிக்கறேன்னும் நினைச்சுக்கிட்டார்.

“பதட்டப்படாதே” அப்படின்னார். “மூச்சை... நல்லா இழுத்து விடு. மெதுவா மாட்டு.”

சின்ன வயசுல ஓட்டப் பந்தயத்துக்கு முன்னாடி நான் பயந்து பின்னாடி போய் நின்னுப்பேன். அப்ப முதுகுல கையை வச்சு இதையேதான் சொல்வார். நான் மூச்சை இழுத்து விட்டேன். உடனே பதட்டம் அடங்கிடுச்சு. அதுலயும் அவர் சொன்னது சரியாத்தான் இருந்துச்சு.

ப்ளக்கைக் கீழ வச்சுட்டு என் மேஜையில வந்து உக்காந்தேன். கொஞ்ச நேரம் விசில் கேட்டுச்சு. முதல்ல விட்டு விட்டு, அப்புறம் காத்து மட்டும். எவ்வளவு நேரம்னு கேக்கறீங்க, எனக்குத் தெரியாது. நான் தொட்டியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். தண்ணி அழகா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

கரண்ட் வந்ததும் மிஷினை மறுபடி மாட்டி ஓட விட்டேன். போர்வையைச் சரி பண்ணினேன். அப்புறம் என் மனைவிக்குப் போன் பண்ணி அழுதேன். நடிப்பு இல்லை, அழுகை தானா வந்துச்சு. டாக்டர் வந்தார், எதிர்பார்த்ததுதான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனார். எல்லாம் காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிருக்கும்.

அவதான் அண்ணன் காலடியில உக்காந்து அழுதுக்கிட்டே இருந்தவ, ஒரு நேரத்துல தலையைத் தூக்கிச் சுவத்தைப் பார்த்தா. மோட்டார் பெட்டியில பச்சை விளக்கு. சிவப்பு விளக்கு மின்னல. நான் அதை யோசிக்கவே இல்லை. பெட்டியைப் பத்தி கடைக்காரர் சொன்னப்ப நான் சரியாக் கேக்கல, அவதான் கேட்டா.

“மோட்டார் நிக்கவே இல்லையா?” அப்படின்னா.

நான் பொய் சொல்றவன் இல்லை. “இல்லை” அப்படின்னேன். அவ மிஷினைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. மிஷினும் சேர்ந்து ஓடியிருந்தா இன்வெர்ட்டர் பாதியிலயே படுத்து மோட்டாரும் நின்னிருக்கும்னு அவளுக்குத் தெரியும். வாசலுக்குப் போய் உங்களுக்குப் போன் பண்ணிட்டு அங்கேயே நின்னுட்டா. இன்னும் உள்ள வரலன்னு சொன்னாங்க.

இவ்வளவுதான் ஐயா நடந்தது. அண்ணனை நான்தான் கொன்னேன், எழுதிக்கோங்க. ஆனா வெறுப்புல செஞ்சதா எழுதாதீங்க. நானா ஒரு காரியம் தேர்ந்தெடுத்துச் செய்யணும்னு நினைச்சேன், அதை அரைகுறையா விட மனசு வரல. தொட்டிக்காகத்தான்.

இப்ப வேற ஒண்ணு கேக்கறீங்க. தொட்டியில எத்தனை மீன் இருந்துச்சுன்னு.

மீன் இன்னும் விடல ஐயா. என்ன மீன் வாங்கறதுன்னு எனக்கு ஒரு முடிவுக்கும் வரத் தெரியல. அதை மட்டும் அண்ணனைக் கேட்டுக்கலாம்னு இருந்தேன்.