மூன்று மாதப் பயணம்

இந்த நாற்காலிக்குச் சாய்மானம் இருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு ஸ்டூல்தான். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் வேலை மீன் லார்வாக்களோடு. முட்டையைவிட்டு அப்போதுதான் வந்த குஞ்சு கண்ணாடித் தூசி போலிருக்கும். இரண்டு கரும்புள்ளிதான் கண். எது எந்த மீனின் குஞ்சு என்று பிரித்துச் சொல்லப் பழகிய பார்வை வேண்டும். என் பார்வையின் நடுவில் மூன்று வருடத்துக்கு முன் ஒரு கறை விழுந்தது. இனி சரியாகாது என்றார் டாக்டர். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் தேவையும் வரவில்லை, என்னிடம் வேலை பார்த்த இளம் விஞ்ஞானி, அவள் இருந்தாள். நுண்ணோக்கியில் அவள் பார்ப்பாள், கட்டுரையில் முதல் பெயர் என்னுடையதாக வரும். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இளம் விஞ்ஞானிகளை மூன்று மாதம் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் திட்டம் ஒன்று உண்டு. முதல் வருடம் அவளுடைய விண்ணப்பம் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. கடைசித் தேதி போனதும், "மேலிடத்துல தூங்கிட்டாங்கம்மா" என்றேன்.

"பரவால்ல சார். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் நேராக அனுப்பித் தேர்வாகிவிட்டாள். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, எல்லோரும் கூட்டத்தில் இருந்த நேரம் பார்த்து, அவளுடைய தொட்டிகளுக்குப் போகும் காற்றுக்குழாயை மூடினேன். மாலையில் நாற்பதாயிரம் குஞ்சும் அடியில் வெள்ளைப் படலமாகக் கிடந்தன. குழாயைக் கடைசியாகத் தொட்டது தான்தான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். நான் மறுக்கவில்லை. பயணத்தையும் அவளே ரத்து செய்தாள். அதன்பிறகு முன்பைவிடக் கவனமாக வேலை பார்த்தாள், அதையும் சொல்லவேண்டும்.

மூன்றாவது வருடம் மறுபடி தேர்வானதை, பயணத்துக்குப் பெட்டி வாங்கிய பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

"சார், திரும்பி வந்ததும் எனக்குன்னு தனியா ஒரு லேப் கேக்கலாம்னு இருக்கேன்."

"தாராளமா கேளும்மா" என்றேன். அவள் போய்விட்டால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் எதைப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை மாலை விமானம். மூன்று மணிக்கு வந்து ஃப்ரீசர் அறையிலிருந்து சாம்பிள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். விடுமுறை நாள், நானும் அவளும்தான். போனை மேசையில் வைத்துக் கையுறை போட்டாள். "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளே போனாள். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

முதலில் கதவு சிக்கிக்கொண்டது என்றே நினைத்தாள். "சார், கதவு மாட்டிக்கிச்சு, வெளியருந்து தள்ளுங்க." நான் அசையவில்லை. அரைமணி நேரம் தட்டினாள். பிறகு குரல் மாறியது. "நீங்கதானே சார்? நான் போகல. எங்கயும் போகல சார். திறங்க."

பயத்தில் கொடுக்கும் வாக்கை நம்பக்கூடாது. யாராக இருந்தாலும் அப்படித்தான்.

ஐந்து மணிக்கு அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. குப்புறத் திருப்பி வைத்தேன். பிறகு என் போன் அடித்தது. அவள் அம்மா.

"அண்ணே, ஏர்போர்ட்ல பெட்டியோட நிக்கிறேன். அவ போனே எடுக்க மாட்டேங்கிறா."

"கிளம்பி ஒரு மணி நேரமாச்சேம்மா. டிராஃபிக்ல மாட்டியிருப்பா."

அந்நேரம் தட்டும் சத்தம் நின்றிருந்தது. தூங்கியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அது பழுதாகவில்லை. வியாழக்கிழமை நான்தான் கழற்றினேன். மைனஸ் இருபது டிகிரி என்பதும் எனக்குத் தெரியும், கதவிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அவளுக்குக் கெடுதல் செய்ய நான் நினைக்கவே இல்லை. விமானம் போகவேண்டும், அவ்வளவுதான்.

ஏழு நாற்பதுக்கு விமானம் கிளம்பியதைப் போனில் பார்த்து உறுதி செய்துகொண்டு திறந்தேன். தீவனப் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது.

"ஃப்ளைட் போயிடுச்சும்மா. இனி ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

பதில் சொல்லவில்லை. கோபமாக இருக்கிறாள், ஆறட்டும் என்று அவளுக்குச் சூடாக ஒரு டீ வாங்கிவரப் போனேன்.