கொழுந்து லொறிக்கு முன்னால் நடப்பவர்

கரவனெல்லையிலிருந்து புளத்கொகுபிட்டிய போகும் பஸ். என் முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில் உரச்சாக்கில் சுற்றிய கார் சைலன்சர்.

“இதக் கழட்டுனதுலேருந்து தோட்டத்துக்குத் தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறி வந்தாலும் ஒருத்தரும் மலைய விட்டு எறங்குறதில்ல மச்சான்,” என்றார் அவர்.

“இதுக்கும் லொறிக்கும் என்னடா?”

“இதப் பூட்டுன நேரம் என் காரு லொறி மாதிரியே உறுமிச்சு. கொழுந்து நிறுக்கத்தான் கூப்புடுறாங்கன்னு பொம்பளைங்க பாதி சாக்கோட ஓடியாந்தாங்க. நாலு தரம் ஏமாந்து, என்னைய ஏசித் தீர்த்தாங்க. அதான் பழைய சைலன்சரையே மாட்டிட்டேன். இப்ப காருல சத்தமே இல்ல.”

“நல்லதுதானே.”

“எங்க நல்லது? நெசமாவே லொறி வந்தாலும், அது என் காருன்னு சொல்லிக்கிட்டு கொழுந்து பறிச்சுக்கிட்டே இருக்காங்க. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்னைய லொறிக்கு முன்னால நடந்து போகச் சொல்றாரு. நான் ரோட்டுல நடக்கிறதக் கண்டாத்தான் வர்றது காரு இல்லன்னு நம்புறாங்க.”

“போறியா?”

“மூணு நாளா போறேன்.”

“ஏன்டா, லொறிக்காரன் ஹோர்ன் அடிச்சாத் தெரியாதா?”

அவர் சாக்கை மடியில் நேராக்கி வைத்தார்.

“லொறி ஹோர்ன் ஒண்ணையும் காருல பூட்டியிருக்கேன் மச்சான். அத இன்னும் கழட்டல.”